எள்ளுத்தாத்தா பார்த்த யானை

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போகும் அப்பாக்களுக்கு முதல் வாரம் தூக்கம் வராது. இரண்டாவது வாரம் ஊர் சுற்றிக் காட்டுவார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஜன்னல்தான். மகளும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு காரில் ஆபீஸ் போய்விடுவார்கள். பேரன் ஸ்கூலுக்கு. என் மனைவிக்கு யூட்யூபில் பழைய சீரியல்கள் இருக்கின்றன, கவலை இல்லை. நான் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவில் மனித நடமாட்டம் உண்டா என்று கணக்கெடுப்பேன். நாளொன்றுக்குச் சராசரி மூன்று பேர். அதில் இரண்டு பேரை நாய் இழுத்துக்கொண்டு போகும்.

மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டு அம்மாள். வயது 79. தனியாக இருக்கிறார். என் மகள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். ஒன்பது வயதுப் பேரனும் அப்படியே. எனக்கு வாய் வரவில்லை. பத்து வயது மூத்தவரை எப்படி ஐயா பெயர் சொல்வது? ‘மேடம்’ என்று ஆரம்பித்து அதிலேயே நின்றுவிட்டேன்.

அவருக்கு என் பெயரில் வேறு பிரச்னை.

"உங்க குடும்பப் பெயர் என்ன?"

"இல்லை."

"குடும்பமே இல்லையா?"

"குடும்பம் இருக்கு. அதுக்குப் பெயர் இல்லை. அப்பா பெயரோட முதல் எழுத்தை முன்னாடி போட்டுப்போம்."

"அப்ப தாத்தா?"

"அவர் எழுத்து அப்பாவோட போயிடுச்சு."

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தார். "அப்புறம் எப்படி உங்க முன்னோர்களைத் தேடுவீங்க?"

தேடுவதா? ஆடி அமாவாசைக்குக் காவிரிக்கரையில் மூன்று தலைமுறை பெயர் கேட்பார்கள். அதில் மூன்றாவது பெயரை நானே ஒரு சந்தேகத்தோடுதான் சொல்வது வழக்கம். இதை எப்படி இங்கிலீஷில் சொல்வதென்று யோசிப்பதற்குள், என்ன உத்தியோகம் பார்த்தீர்கள் என்று கேட்டார். பத்திரப் பதிவு அலுவலகம், 31 வருஷம், பழைய பத்திரங்களோடுதான் வாழ்க்கை என்றேன்.

அம்மாள் முகத்தில் ஒரு பிரகாசம். "பழைய கையெழுத்தெல்லாம் படிப்பீங்களா?"

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் காபியோடு உட்கார்ந்திருந்தேன். (காபி என்று அவர்கள் சொல்லும் கறுப்புத் தண்ணீர். அதை விடுங்கள்.)

மகள் இருக்கும் ஊர் ஃபோல்சம். கலிஃபோர்னியாவின் தலைநகரான சாக்ரமென்டோவுக்குக் கிழக்கே, அமெரிக்கன் ஆற்றங்கரையில் இருக்கிறது. இப்போது நம்ம ஊர் கம்ப்யூட்டர் பிள்ளைகள் நிறைந்த ஊர். இதே ஆற்றின் தென்கிளையில், காரில் ஒரு மணிக்குள் போய்விடக்கூடிய கொலோமா என்ற இடத்தில்தான் 1848 ஜனவரி 24 அன்று ஜேம்ஸ் மார்ஷல் என்ற தச்சர், மரம் அறுக்கும் மில்லின் வாய்க்காலில் ஏதோ மஞ்சளாக மின்னுவதைப் பார்த்தார். அவ்வளவுதான். அடுத்த ஏழெட்டு வருஷத்தில் சுமார் மூன்று லட்சம் பேர் தங்கத்தைத் தேடி கலிஃபோர்னியாவுக்கு ஓடி வந்தார்கள். ஆயிரம் பேர்கூட இல்லாத சான்ஃபிரான்சிஸ்கோ இரண்டே வருஷத்தில் இருபத்தைந்தாயிரம் பேர் ஊரானது. 1849-ல் பெரிய கூட்டம் வந்ததால் அவர்களுக்கு ‘ஃபார்ட்டி நைனர்ஸ்’ என்று பெயர். என் பேரன் சிவப்பு பனியனில் போட்டுக்கொண்டு திரிகிறானே ஒரு ஃபுட்பால் டீம் பெயர், அது இதுதான்.

தங்கத்தைக் கண்டுபிடித்த மார்ஷல் 1885-ல் கையில் காசில்லாமல் செத்தார். அவருக்கு வேலை கொடுத்த ஜான் சட்டரின் நிலத்தில் வந்தவர்களெல்லாம் குடிசை போட்டு உட்கார்ந்துவிட, மனிதர் நஷ்டஈடு கேட்டு வாஷிங்டனில் மனு மேல் மனு போட்டு 1880-ல் அங்கேயே காலமானார். ஆக்கிரமிப்பு, பட்டா வில்லங்கம், மனு. நான் 31 வருஷம் பார்த்த அதே கதைதான்.

அம்மாளுடைய பாட்டியின் தாத்தா அந்த ஃபார்ட்டி நைனர்களில் ஒருவர். நம் கணக்கில் எள்ளுத்தாத்தா. மிசௌரியிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே வந்தவர்.

ஆனால் வந்தார் என்று வாயால் சொன்னால் போதாது. ‘சொசைட்டி ஆஃப் கலிஃபோர்னியா பயனியர்ஸ்’ என்று ஒரு சங்கம், 1850-ல் ஆரம்பித்தது, இன்னும் இருக்கிறது. 1850 ஜனவரி ஒன்றாம் தேதிக்கு முன்னால் கலிஃபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தவரின் நேர் வாரிசு என்று நிரூபித்தால் உறுப்பினராகலாம். ஜனவரி இரண்டாம் தேதி வந்தவர் வாரிசு என்றால், வணக்கம், போயிட்டு வாங்க. அம்மாளுக்கு 80 முடிவதற்குள் அதில் சேர்ந்துவிட வேண்டும். ஜூலையில் குடும்பத்தார் எல்லாரும் கூடும் பிக்னிக்கில் வம்ச விருட்சத்தைச் சுவர் அளவுக்கு அச்சடித்து மாட்டவும் வேண்டும்.

நம்மூரில் வாரிசுச் சான்றிதழ் வாங்குவது சொத்துக்காக. இவர்கள் ஐந்து பைசா வராத காரியத்துக்கு இந்தப் பாடு படுகிறார்களே என்று முதலில் சிரிப்பாக இருந்தது. இரண்டு நாளில் எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டது.

ஏனென்றால், ஸார், இது சுத்தமான வில்லங்கம் பார்க்கும் வேலை. இன்று இருப்பவரிலிருந்து ஒவ்வொரு பத்திரமாகப் பின்னால் போய்த் தாய்ப்பத்திரத்தைப் பிடிக்க வேண்டும். அமெரிக்காவில் பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஜனத்தொகைக் கணக்கு. 1850-க்கு முன்னால் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் எழுதுவார்கள், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1850-லிருந்துதான் அடிமைகள் தவிர எல்லார் பெயரும். ஆனால் சான்ஃபிரான்சிஸ்கோவின் 1850 கணக்குத் தாள்கள் இன்றைக்கு இல்லை. கலிஃபோர்னியாக்காரர்கள் 1852-ல் தாங்களே ஒரு தனிக் கணக்கெடுத்தார்கள். அதில் ‘இதற்கு முன் இருந்த ஊர்’ என்று ஒரு கட்டம் உண்டு. எழுதி வைத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். தேடுகிறவனுக்கு அந்த ஒரு கட்டம் கற்பக விருட்சம். 1890 கணக்கு? வாஷிங்டனில் 1921-ல் நடந்த தீ விபத்தோடு பெரும்பாலும் போச்சு. சான்ஃபிரான்சிஸ்கோ ஆவணங்கள்? 1906 பூகம்பத்திலும் அதையொட்டி வந்த தீயிலும் எரிந்தவை எத்தனையோ. நம்மூரில் கரையான் செய்வதை அவர்கள் ஊரில் நெருப்பு செய்திருக்கிறது.

இன்னொரு வழியும் அம்மாள் காட்டினார். தங்கம் தேடி வந்தவனுக்கு விலாசம் ஏது? மனைவியும் அம்மாவும் எழுதிய கடிதங்கள் தபாலாபீசில் குவிந்து கிடக்கும். வாங்க வராதவர்களின் பெயர்ப் பட்டியலைப் பேப்பரில் போடுவார்கள். அந்தக் காலத்துக் கலிஃபோர்னியாப் பேப்பர்களை இப்போது கம்ப்யூட்டரில் இலவசமாகப் பார்க்கலாம். எள்ளுத்தாத்தா பெயரை மூன்று தினுசு எழுத்துப் பிழையோடு தேடினோம். இரண்டாவது பிழையில் மனிதர் கிடைத்தார். அவருக்கு யாரோ எழுதிய கடிதம், போய் வாங்கினாரோ என்னவோ.

ஆனால் உண்மையான தாய்ப்பத்திரம் அம்மாளின் பீரோவில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது. 1849 நவம்பரில் கொலோமாவிலிருந்து எள்ளுத்தாத்தா தன் அண்ணனுக்கு எழுதிய கடிதம். மை பழுப்பாகிவிட்டது. மடித்த இடமெல்லாம் நைந்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்து மூன்று காலை நேரம் செலவழித்துப் படித்தேன். இரண்டாயிரம் மைல், ஐந்தரை மாதம், வழியில் காலரா. புறப்பட்ட பதினொரு பேரில் வந்து சேர்ந்தது எட்டு பேர். கடைசி வரியில் வந்து நின்றுவிட்டேன். ‘நான் யானையைப் பார்த்துவிட்டேன்.’

"மேடம், கலிஃபோர்னியாவில் யானை ஏது?"

அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் காலத்து வழக்காம். பெரிய ஆசையோடு கிளம்பி, படாத பாடெல்லாம் பட்டு, ‘சரி, இவ்வளவுதானா’ என்று ஆனவன் சொல்வது, ‘யானையைப் பார்த்தாச்சு.’ பாதி வழியில் பயந்து ஊர் திரும்பியவன், ‘யானையின் வாலைப் பார்த்தேன், போதும்’ என்பானாம். நம்ம ஊரில் யானையைப் பார்த்தால் வாழைப்பழம் கொடுத்துவிட்டு ஆசீர்வாதம் வாங்குவோம் என்றேன். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள்.

எள்ளுத்தாத்தாவுக்குத் தங்கம் கிடைக்கவில்லை. பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. சம்பாதித்தவர்கள் மண்வெட்டி விற்றவர்கள், சோறு விற்றவர்கள். இவர் கோவேறு கழுதைகளுக்குத் தீவனம் விற்றிருக்கிறார். 1852-ல் பனாமா வழியாக ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு, 1853-ல் மனைவியோடு திரும்பி வந்து, மலையடிவாரத்தில் நிலம் வாங்கிப் பழத்தோட்டம் போட்டார். வாரிசு வரிசை சுத்தம். வில்லங்கமில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அம்மாளின் அத்தை ஒருவர் 1957-ல் டைப் அடித்து வைத்த குடும்ப வரலாறு ஒன்று உண்டு. அதில் 1860 கணக்கைப் பார்த்து எழுதிய ஒரு பட்டியல். எள்ளுத்தாத்தா, மனைவி, ஆறு வயதுப் பையன் (அம்மாளின் கொள்ளுத்தாத்தா), மூன்று வயதுப் பெண், கைக்குழந்தை. பிறகு, ‘மேரி, வயது 10, இண்டியானா.’ இண்டியானா என்பது ஒரு மாநிலம். மனைவி வழியில் யாரோ அநாதைப் பெண், கூடவே அழைத்து வந்திருப்பார்கள் என்று அத்தை அடிக்குறிப்பு எழுதியிருக்கிறார். குடும்பத்தில் எல்லாரும் மேரியைப் பற்றி அன்பாகத்தான் பேசுவார்களாம்.

அசல் தாளையும் பார்த்துவிடலாமே என்றேன். 31 வருஷப் பழக்கம். நகலை நம்பினால் எங்கள் ஆபீசில் மெமோ வரும். மார்மன் சபைக்காரர்கள் நடத்தும் ‘ஃபேமிலி சர்ச்’சில் அந்த 1860 பக்கத்தைப் போட்டோவாகவே பார்க்கலாம். திரையில் பெரிதாக்கினேன்.

மேரி பெயருக்கு நேரே ‘இண்ட்.’ என்றுதான் இருந்தது. ஆனால் பிறந்த ஊர்க் கட்டத்தில் இல்லை. அதற்கு வெகு முன்னால், வயதுக்குப் பக்கத்தில், நிறம் என்ற கட்டத்தில் இருந்தது. வெள்ளைக்காரர்களுக்கு அந்தக் கட்டம் காலி. பிறந்த ஊர்க் கட்டத்தில் கலிஃபோர்னியா.

அடங்கலோ பத்திரமோ, என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட எந்தக் கட்டத்தில் எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். நான் முந்திரிக்கொட்டை மாதிரி, "மேடம், இது இண்டியானா இல்லை. இண்டியன்! எங்க ஊர்ப் பொண்ணா?" என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

அம்மாள் சிரிக்கவில்லை.

செவ்விந்தியப் பெண். பத்து வயது. பள்ளிக்குப் போகிறாரா என்ற கட்டத்தில் ஆறு வயதுப் பையனுக்கு ஒரு கோடு இருந்தது. மேரிக்கு இல்லை.

அன்று காபி வரவில்லை. இரண்டு நாள் அம்மாள் வேலிப் பக்கமும் வரவில்லை. மூன்றாம் நாள் லைப்ரரியிலிருந்து எடுத்துவந்த இரண்டு தடிப் புத்தகங்களோடு கூப்பிட்டார். அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன்.

1850 ஏப்ரல் 22-ல் கலிஃபோர்னியா சட்டசபை ஒரு சட்டம் போட்டது. பெயரில் இந்தியர்களின் ‘நிர்வாகம் மற்றும் பாதுகாப்பு’ என்று இருக்கும். அதன்படி ஒரு வெள்ளைக்காரர் ஒரு செவ்விந்தியக் குழந்தையோடு உள்ளூர் நீதிபதி முன் போய், பெற்றோர் சம்மதம் அல்லது ‘நண்பர்கள்’ சம்மதம் என்று சொல்லிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். பையனானால் 18 வயது வரை, பெண்ணானால் 15 வயது வரை அந்தக் குழந்தையும் அதன் சம்பாத்தியமும் அவர் பொறுப்பு. சான்றிதழ் வாங்காமலே வைத்துக்கொண்டவர்களும் உண்டு. பெற்றோரைக் கொன்றுவிட்டுக் குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு போய் விற்பது ஒரு தொழிலாகவே நடந்தது. செவ்விந்தியர் சாட்சி சொன்னால் அதை வைத்து வெள்ளைக்காரரைத் தண்டிக்க முடியாது என்றும் அதே சட்டத்தில் ஒரு ஷரத்து. அந்த வருஷம் செப்டம்பர் 9-ல் கலிஃபோர்னியா அமெரிக்காவோடு சேர்ந்தது, அடிமை முறை இல்லாத மாநிலமாக! 1860-ல் வயது வரம்பைக் கூட்டினார்கள். 1863-ல்தான் குழந்தைகளைப் பிடித்து வைக்கும் பகுதியை எடுத்தார்கள். தங்கம் கிடைத்தபோது சுமார் ஒன்றரை லட்சம் இருந்த செவ்விந்தியர்கள் 1870 வாக்கில் முப்பதாயிரம் ஆகிவிட்டார்கள். நோய், பட்டினி, துப்பாக்கி. கொலோமாவில் அந்த ஆற்றங்கரை நிசெனான் என்ற இனத்தாருடைய ஊர். தங்கம் தேடி வந்தவர்கள் அவர்கள் வீட்டு வாசலில்தான் தோண்டினார்கள்.

"2019-ல் எங்க கவர்னர் மன்னிப்புக் கேட்டார். டி.வி.யில் பார்த்தேன்" என்றார் அம்மாள். "நல்ல காரியம்னு நினைச்சேன். யாரோ யாருக்கோ செஞ்சதுக்கு, யாரோ கேக்கறார்னு."

மேரியைத் தேடினோம். 1870 கணக்கில் அந்த வீட்டில் அவள் இல்லை. அப்போது இருபது வயதாகியிருக்கும். கல்யாணமாகியிருந்தால் பெயர் மாறியிருக்கும். மேரி என்பதே அவர்கள் வைத்த பெயர்தானே, அதற்கு முந்திய பெயரை எங்கே போய்த் தேட? வாக்காளர் பட்டியலில் ஆண்கள் மட்டும்தான், கலிஃபோர்னியாவில் பெண்களுக்கு ஓட்டு 1911-ல்தான். கவுண்டி நீதிமன்றப் பழைய பதிவுகளில் சான்றிதழ் எதுவும் கிடைக்கவில்லை. குடும்பக் கல்லறைத் தோட்டத்துக்கு அம்மாள் காரிலேயே போனோம். கல் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தேன். எள்ளுத்தாத்தா, எள்ளுப்பாட்டி, குழந்தைகள். 1860-ல் கைக்குழந்தையாக இருந்ததே, அதற்குக்கூட ஒரு ஆட்டுக்குட்டிப் பொம்மையோடு கல். மேரிக்கு இல்லை.

அந்த ராத்திரி அம்மாள் தன் தம்பிக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டதால் எனக்கும் கேட்டது. (கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.)

"வேலைக்காரப் பொண்ணு அக்கா. குடும்ப மரத்தில் எதுக்கு?"

"இவ்வளவு நாள் நம்ம மரத்தில்தானே இருந்தா? இண்டியானான்னு நினைச்சப்ப யாரும் எடுக்கச் சொல்லலியே."

"தாத்தா அவளை நல்லாத்தான் வச்சிருந்திருப்பார்."

"இருக்கலாம். எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது."

சங்கத்துக்கு விண்ணப்பம் போய்விட்டது. அதற்கு மேரி தேவையில்லை. எள்ளுத்தாத்தா 1850-க்கு முன் வந்ததற்கும், இவர் வாரிசு என்பதற்கும் ஆதாரம் இருந்தால் போதும். பிஸ்கட் டப்பாக் கடிதம் அதற்குப் போதுமானது. சுவரில் மாட்டும் மரம்தான் பிரச்னை. பெற்ற பிள்ளைக்கு ஒற்றைக் கோடு, கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு. மேரிக்கு என்ன கோடு? பென்சிலால் ஒரு கட்டம் போட்டார். அதிலிருந்து எள்ளுத்தாத்தாவுக்கு ஒரு கோடு இழுத்தார், அழித்தார். புள்ளிக் கோடு போட்டார், அழித்தார். பேப்பர் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது.

இதையெல்லாம் வீட்டில் சொல்லப்போக, என் மகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. நம்ம மரத்தையும் போடலாம்ப்பா என்று லாப்டாப்பைத் திறந்தாள். கும்பகோணத்தில் என் தாத்தா வீடு. யார் யார் இருந்தீர்கள், சொல்லுங்கள் என்றாள். விரல் விட்டு எண்ணிப் பதினோரு பேர் சொன்னேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "அந்தச் சின்னப்பொண்ணு?"

"எந்தச் சின்னப்பொண்ணு?"

"உங்களை இடுப்பிலயே தூக்கிட்டுத் திரிஞ்சான்னு உங்கம்மா சொல்வாங்களே."

எட்டு வயதிலோ ஒன்பது வயதிலோ எங்கள் வீட்டுக்கு வந்தவள். கொல்லைத் தாழ்வாரத்தில் படுத்துக்கொள்வாள். அவள் கையால்தான் நான் பால் சோறு தின்றிருக்கிறேன். எனக்கு ஆறு வயதிருக்கும்போது ஒரு நாள் அவள் இல்லை. ஏன் என்று நான் கேட்டதாக ஞாபகம் இல்லை. சின்னப்பொண்ணு என்பது அவள் பெயரா, இல்லை சின்னப் பெண் என்பதால் நாங்கள் கூப்பிட்டதா, அதுவும் தெரியவில்லை. மகள் விரலை எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "அப்புறம் சொல்றேம்மா" என்று எழுந்துவிட்டேன்.

ஜூன் கடைசியில் ஊர் திரும்பிவிட்டோம். ஜூலையில் அம்மாள் வாட்ஸ்அப்பில் பிக்னிக் போட்டோ அனுப்பியிருந்தார். மர நிழல், நீள மேஜை, நாற்பது ஐம்பது பேர், பின்னால் சுவரளவுக்கு வம்ச விருட்சம். பெரிதாக்கிப் பார்த்தேன். 1860 வரிசையில் ஒரு கட்டம் எந்தக் கோடும் இல்லாமல் தனியாக இருக்கிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று பாதிதான் தெரிகிறது. அந்த இடத்தில் தம்பி நிற்கிறார். வேண்டுமென்றே நின்றாரா, போட்டோ எடுத்தவர் நிறுத்திவைத்த இடமா, சொல்ல முடியவில்லை.

கும்பகோணத்திலிருக்கும் என் அக்காவுக்கு அன்றே போன் போட்டேன். அவளுக்கு 81. காது மந்தம், ஞாபகம் பிரமாதம்.

"அக்கா, நம்ம வீட்ல சின்னப்பொண்ணுன்னு இருந்தாளே, அவ எந்த ஊரு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"திருப்பனந்தாள் பக்கம்னு சொல்லுவாங்க. அவ அப்பன் வருஷத்துக்கு ஒருதரம் வந்து திண்ணையில உட்கார்ந்துட்டுப் போவான். ஏண்டா, இப்ப என்ன அதைப் போய்க் கேக்கற?"